கெல்டிரியாக் கோட்டையில் ஒரு நாள்

அயல்நாட்டு ராணுவத் தளம் என்று கேட்டவுடன் நம் மனம் டீகோ கார்சியாவுக்கோ ஒகினாவாவுக்கோ ஜிபூட்டிக்கோ ஓடிவிடுகிறது. கடல் கடந்து வந்த சிப்பாய்கள் காவல் நின்று, ஊரிலிருந்து வரும் கடிதத்துக்குக் காத்திருந்து, பழக்கமில்லாத வெயிலையும் பழக்கமில்லாத நோயையும் தாங்கி வருஷங்களைக் கழிக்கும் இடங்கள் எங்கோ தூரதேசத்தில் இருப்பவை என்றே எண்ணிக்கொள்கிறோம். ஆனால் பொன்னேரியில் பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் இறங்கிவிடக்கூடிய நம் பழவேற்காடு, 1613ஆம் வருஷம் தொடங்கி ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுக் காலம், அத்தகைய ஒரு தளமாகவே இருந்தது. இன்று கோட்டைக்குப்பத்து மீனவர்கள் வலை உலர்த்தும் இடத்துக்கு அருகில், புதரும் மண்மேடுமாகக் கிடக்கும் அந்த இடத்தில்தான் ஒல்லாந்தரின், அதாவது டச்சுக்காரரின், கெல்டிரியாக் கோட்டை நான்கு கொத்தளங்களோடும் அகழியோடும் நின்றது. அதில் உத்தியோகம் பார்த்த ஓர் அதிகாரியின் நாள் எப்படி விடிந்தது, எப்படி அடைந்தது என்பதைப் பற்றி எழுத வேண்டும் என்ற ஆசை எனக்கு வெகுகாலமாக உண்டு. பழவேற்காட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பூநாரைகளைப் பற்றியும் ஏரியின் அழகைப் பற்றியும் எழுதிவிட்டு, கோட்டையை ஒரு வாக்கியத்தில் கடந்துவிடுகிறார்கள்; அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்காத வாழ்க்கை அங்கே நடந்திருக்கிறது.

கோட்டை வந்த கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். விஜயநகரத்து வேங்கடபதி ராயர் ஆட்சியில் இருந்தபோது, 1610இல் அவருடைய அனுமதியைப் பெற்று ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பெனியார் இங்கே ஒரு பண்டசாலை வைத்தார்கள். சாந்தோமிலிருந்த போர்த்துக்கீசியருக்கு இது பொறுக்கவில்லை. 1612இல் வந்து தாக்கி அந்தப் பண்டசாலையை அழித்துவிட்டுப் போனார்கள். மறுவருஷமே வெம்மர் வான் பெர்கெம் என்பவர் தலைமையில் கோட்டை எழுந்தது. அவர் பிறந்த கெல்டர்லாந்து மாகாணத்தின் பெயரையே கோட்டைக்கும் வைத்தார்கள். அதன்பின் வேங்கடபதி ராயர் மறைந்து, வாரிசுப் போர் மூண்டு, நாடு அல்லோலகல்லோலப்பட்ட காலத்திலும், பிற்பாடு கோல்கொண்டாப் படைகள் தெற்கே இறங்கிய காலத்திலும், இந்தச் சதுரமான மதிலுக்குள் ஒல்லாந்தர் தங்கள் கணக்குப் புத்தகங்களோடு அசையாமல் இருந்தார்கள். சோழமண்டலக் கரை முழுவதற்கும் அவர்களுக்கு 1690 வரையில் இதுவே தலைமையிடம். அதன்பிறகே அந்த ஸ்தானம் நாகப்பட்டினத்துக்குப் போயிற்று.

இனி, இங்கே வந்து சேர்ந்த மனிதனைப் பார்ப்போம். அவன் ஒல்லாந்தனாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கும்பெனியின் சிப்பாய்களில் ஜெர்மானியர் வெகுபேர். முப்பது வருஷப் போரில் ஊரும் உடைமையும் போனவர்கள், பெரிய குடும்பத்தின் இளைய பிள்ளைகள், கடன்பட்டவர்கள் ஆகியோர் ஆம்ஸ்டர்டாம் நகரத்து விடுதிகளில் தங்கி, வரப்போகும் சம்பளத்தை முன்கூட்டியே அடமானம் வைத்துச் சாப்பிட்டு, கும்பெனியின் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். சிப்பாய்க்கு ஒப்பந்தக் காலம் ஐந்து வருஷம். சம்பளம் மாதம் 9 கில்டர். அந்தச் சம்பளமும் முழுதாகக் கைக்கு வருவதில்லை. ஒரு பகுதி தாய்நாட்டுக் கணக்கிலேயே நின்று, அவன் உயிரோடு திரும்பினால்தான் அவனுக்குக் கிடைக்கும். மனைவிக்கோ தாயாருக்கோ வருஷத்துக்கு மூன்று மாதச் சம்பளம் மட்டும் அங்கேயே கொடுக்க ஏற்பாடு செய்துகொள்ளலாம். டெக்ஸல் தீவருகே கப்பல் ஏறினால் கும்பெனியின் கீழ்த்திசைத் தளமான பட்டேவியாவுக்குச் சுமார் எட்டு மாதப் பிரயாணம். அங்கிருந்து இன்னொரு கப்பலில் வங்கக் கடலைத் தாண்டி நம் கரைக்கு வர வேண்டும். கும்பெனி நிலவிய இரண்டு நூற்றாண்டுகளில் இவ்வாறு கீழ்த்திசைக்குப் புறப்பட்டவர்கள் ஏறத்தாழ 10 லட்சம் பேர் என்றும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கினரே திரும்பிப் போனார்கள் என்றும் சரித்திர ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். கப்பல் ஏறும்போதே இது அந்த மனிதனுக்கு ஒருவாறு தெரிந்துதான் இருக்கும்.

பழவேற்காட்டுக் கரையில் அவன் முதலில் தன் உயிரை ஒப்படைத்தது நம் மீனவர்களிடம். பெரிய கப்பல் எதுவும் ஏரியின் முகத்துவாரத்தைக் கடந்து உள்ளே வர முடியாது. மணல் திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும். கப்பல் வெளியே ஆழக் கடலில் நங்கூரம் பாய்ச்சி நிற்க, பலகைகளை ஆணியில்லாமல் கயிற்றால் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகளும் கட்டுமரங்களும் அலையின் மீதேறிச் சென்று ஆளையும் சரக்கையும் கரை சேர்க்க வேண்டும். ஐரோப்பாவில் கட்டிய திண்ணிய படகு இந்த அலையில் அடிபட்டுப் பிளந்துபோகும். தைத்த படகோ வளைந்து கொடுத்துத் தப்பிவிடும். எந்த அலையை விட்டு எந்த அலையில் ஏற வேண்டும் என்பதும், இன்று கடலில் ஓடும் நீரோட்டம் வன்னி வெள்ளமா தெண்டி வெள்ளமா என்பதும் படகோட்டிக்குத் தெரியும். பீரங்கிகளை அதிகாரம் செய்யும் தளபதிக்குத் தெரியாது. இந்தப் படகோட்டிகளின் துணையில்லாமல் அந்தக் கோட்டைக்கு ஒரு மூட்டை சாதிக்காயும் வந்திருக்காது, ஒரு கட்டுத் துணியும் போயிருக்காது என்பதை நான் அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன்.

கோட்டைக்குள் பொழுது மணற்கடிகாரத்தையும் மணியையும் கொண்டே அளக்கப்பட்டது. விடியற்காலையில் காவல் மாறும், கதவு திறக்கும், ஜபத்துக்கு மணி அடிக்கும். பாதிரியார் இல்லாத இடங்களில் நோயாளிகளுக்கு ஆறுதல் சொல்வதற்கென்று கும்பெனி நியமித்த ஒரு கீழ்நிலை ஊழியர் வேதப் புத்தகத்தை வாசிப்பார். ஜபத்துக்கு வராதவனுக்கு அபராதம் உண்டு. பிறகு கொத்தளங்களைச் சுற்றிப் பார்ப்பது, துப்பாக்கிகளின் துருவைப் போக்குவது, மழைநீர் புகாமல் மருந்தறையைக் காப்பது ஆகிய வேலைகள் வரும். அந்த மருந்து சாமானியமானதன்று. வெடியுப்பும் கந்தகமும் கரியும் சேர்த்து வெடிமருந்து அரைக்கும் பெரிய ஆலை ஒன்று பழவேற்காட்டில் இயங்கியது. பட்டேவியா முதலிய கும்பெனித் தளங்களின் பீரங்கிகள் இங்கே அரைத்த மருந்தால் முழங்கின. அரைக்கிற கூலியாள் முதல் காவல் நிற்கிற அதிகாரி வரை அனைவரும் ஒரே தீப்பொறியின் பயத்தில் வாழ்ந்திருப்பார்கள்.

ஆயினும் இந்த அதிகாரியின் நிலையில் ஒரு விசித்திரம் உண்டு. அவனுடைய எஜமானர் வர்த்தகர். கவர்னர் என்ற பதவியை வகித்தவரே கும்பெனியின் வியாபாரிப் படிகளில் ஏறி வந்தவர்தாம். உடைவாளும் பதவியும் தாங்கிய தளபதி, துணியின் இழையை விரலால் நிமிண்டிப் பார்த்து விலை பேசும் மூத்த வர்த்தகரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டவன். ஆகவே அவன் காவல் காத்தது நாட்டின் எல்லையை என்பதைவிடக் கிடங்கின் பூட்டை என்பதே பொருந்தும். கிடங்கில் இருந்ததும் அற்பமானதன்று. மொலுக்காத் தீவுகளின் கிராம்பும், பாண்டாத் தீவின் சாதிக்காயும் சாதிபத்திரியும், ஜப்பானியச் செம்பும் ஒரு பக்கம் வந்து இறங்கின. சாயவேரில் சிவப்பேறி, மெழுகாலும் தூரிகையாலும் சித்திரம் தீட்டப்பெற்ற நம் நாட்டுத் துணிகள் இன்னொரு பக்கம் கட்டுக் கட்டாகக் காத்திருந்தன. முன்பணம் வாங்கிய நெசவாளர்கள் சுற்றுப்பட்ட கிராமங்களில் இருந்து நெய்து கொடுத்த அந்தத் துணிகளைக் கொடுத்துத்தான் கும்பெனி கீழ்த்தீவுகளில் வாசனைத் திரவியங்களை வாங்கிற்று. இன்றும் மலாய் நாட்டில் கட்டம் போட்ட கைலிக்கு 'கைன் பெலெக்காட்' என்ற பெயர் வழங்குவதில் நம் ஊர் ஒளிந்திருக்கிறது.

வருஷத்தின் ஓட்டத்தை நிர்ணயித்தது காற்று. வாடைக்காற்றும் புயலும் தொடங்குகிற ஐப்பசி மாதத்துக்குள் கப்பல்கள் இந்தத் துறைமுகமில்லாத கரையை விட்டு விலகிவிட வேண்டும். அதற்கு முந்தின வாரங்களில் துணியைத் தரம் பிரிப்பதும் கட்டுவதும் கடிதங்களைப் பிரதி எடுப்பதும் இரவு பகலாக நடக்கும். கடைசிப் படகு போய்விட்டால் மாதக்கணக்கில் வெளியுலகச் செய்தி வருவது அரிது. கும்பெனியின் கட்டளைப்படி ஒவ்வொரு தளத்திலும் நாட்குறிப்பேடு எழுதிவந்தார்கள்: இன்ன கப்பல் வந்தது, இன்ன நாயக்கரிடமிருந்து தூதன் வந்தான், இன்னார் ஜுரத்தில் இறந்தார் என்று. பட்டேவியாவுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் போன காகிதங்களின் பிரம்மாண்டமான திரள் இன்று ஹேக் நகரில் இருக்கிறது. 2003இல் யுனெஸ்கோ அதை உலக நினைவுப் பட்டியலில் சேர்த்தது. இந்த ஏடுகளின் பெருமை அவற்றின் சலிப்பான ஒழுங்கில் இருக்கிறது. அந்த ஒழுங்கின் பயங்கரத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

மாலையில் கதவு சாத்தியபின், ஏரியின் மீனும் இறாலும் நண்டும் சோறும் சாராயமும்தான் பெரும்பாலும் ஆகாரம். பேச்சு மொழி ஒல்லாந்தம் மட்டும் அன்று. கடற்கரை ஊர்கள் அனைத்திலும் அக்காலத்துப் பொதுமொழி போர்த்துக்கீசியம். எதிரியை விரட்டிவிட்டு எதிரியின் மொழியையே பேச வேண்டியிருந்தது. சிப்பாய்கள் மணந்துகொண்ட பெண்களில் பலர் போர்த்துக்கீசியக் கலப்புக் குடும்பத்தினர். பிள்ளைகள் தாயின் மடியில் அந்த மொழியைத்தான் முதலில் கற்றார்கள். 1632 முதல் பத்து வருஷம் இங்கே பாதிரியாராக இருந்த ஆபிரகாம் ரோஜெரியுஸும் அதைக் கற்றுக்கொண்டார். அந்த மொழியின் துணையோடு, பத்மநாபன் என்ற பிராமணரிடம் அமர்ந்து, நம் ஜனங்களின் விரதம், விவாகம், தெய்வ வழிபாடு, வேதம் ஆகியவற்றைப் பற்றி ஓயாமல் கேட்டுக் கேட்டு எழுதிவைத்தார். அவர் காலமானபின் 1651இல் லெய்டன் நகரில் அச்சேறிய அந்த நூலில் பர்த்ருஹரியின் சுபாஷிதங்களும் மொழிபெயர்ப்பாக இடம்பெற்றன. பீரங்கி வாய்களின் நிழலில், இரண்டு அந்நியர்கள் மூன்றாவது மொழி ஒன்றில் நீதியையும் வைராக்கியத்தையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அந்தப் பத்து வருஷங்களை நினைக்கும்போது எனக்கு உண்மையான மகிழ்ச்சி உண்டாகிறது. கெல்டிரியா உலகுக்குக் கொடுத்த மிக நல்ல பொருள் அதுவே என்பது என் அபிப்பிராயம்.

மேலதிகாரிகளின் வாழ்க்கை வேறு தரத்தது. சொந்த வியாபாரம் செய்யக்கூடாது என்று கும்பெனி திரும்பத் திரும்பத் தடுத்தும், செய்யாதவர் அபூர்வம். 1663 முதல் 1665 வரை சோழமண்டலக் கவர்னராக இருந்த கொர்னேலிஸ் ஸ்பீல்மன், தம் மனைவிக்கென்று வைரம் வாங்கி மறுபடி விற்ற விவகாரத்தில் பிடிபட்டுப் பதவியினின்றும் தாற்காலிகமாக விலக்கப்பட்டார். அதனால் அவருடைய வாழ்வு கெட்டுவிடவில்லை. மக்காஸர் ராஜ்யத்தை வென்ற படைக்குத் தலைமை தாங்கி, முடிவில் பட்டேவியாவின் கவர்னர் ஜெனரலாகவே ஆனார். கீழே காவல் நின்ற ஒன்பது கில்டர் சிப்பாய்க்கு இத்தகைய மறுவாழ்வு வாய்த்திருக்காது.

அவனுக்கு வாய்த்தது பெரும்பாலும் ஜுரமும் வயிற்றுக் கடுப்பும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் டச்சுக் கல்லறைக்குப் போகிறவர்கள் வாசலில் இரண்டு எலும்புக்கூட்டுச் சிற்பங்களைக் காண்பார்கள். உள்ளே குலமுத்திரைகளும் ஒல்லாந்த எழுத்துக்களும் செதுக்கிய பெரிய கற்கள் கிடக்கின்றன. செதுக்கு வேலையின் நேர்த்தி வியக்கத்தக்கது. ஆனால் கல் வைக்கப் பணம் இருந்தவர்களுடைய பெயர்களே அங்கே இருக்கின்றன. சாதாரணச் சிப்பாய் எந்த மண்ணில் புதைந்தான் என்று சொல்வார் இல்லை.

இதுவரை சொன்னதைப் படிப்பவர்களுக்கு அந்த அயலார் மீது ஓர் இரக்கம் தோன்றியிருக்கும். எனக்கும் அது உண்டு. அதை நான் விட்டுவிடப் போவதும் இல்லை. ஆனால் அதே கோட்டையின் அதே கதவு வழியாக இன்னொரு சரக்கும் போயிற்று. அந்தச் சரக்கு மனிதர்கள்.

1621இல் கும்பெனியின் கவர்னர் ஜெனரல் யான் பீட்டர்ஸ்ஸூன் கூன் பாண்டாத் தீவுகளின் ஜனங்களை ஏறக்குறைய இல்லாமற் செய்தபின், அங்கே சாதிக்காய்த் தோட்டங்களில் உழைக்க ஆட்கள் வேண்டியிருந்தது. வளர்ந்துவந்த பட்டேவியா நகருக்கும் வேண்டியிருந்தது. அராக்கான் கரையில் வாங்கிய அடிமைகளும், நம் சோழமண்டலக் கரையில் வாங்கிய அடிமைகளும் கும்பெனிக் கப்பல்களில் பல்லாயிரக்கணக்கில் ஏற்றப்பட்டார்கள்; பழவேற்காடு அந்த வியாபாரத்தின் முக்கியமான வாசல்களில் ஒன்று. போரும் பஞ்சமும் வந்தபோதெல்லாம் எண்ணிக்கை பெருகிற்று. 1646இலும் 1647இலும் இந்தக் கரையை வாட்டிய பெரும் பஞ்சத்தில், பட்டினியால் தம்மைத்தாமே விற்றுக்கொண்டவர்களும், பிள்ளைகளை விற்ற பெற்றோர்களும் இருந்தார்கள். அரிசி விலை ஏற ஏற மனிதர் விலை இறங்கிற்று.

நாட்குறிப்பேட்டின் ஒழுங்கைப் பற்றி மேலே சொன்னதை இங்கே நினைவுபடுத்துகிறேன். துணிக் கட்டுகளை எண்ணி எழுதிய அதே பேனாதான் ஆண், பெண், குழந்தை என்று தலைகளையும் எண்ணி எழுதிற்று. காலையில் ஜபத்துக்கு மண்டியிட்ட அதே அதிகாரி, படகில் ஏற்றப்படுகிறவர்கள் தப்பி ஓடாமல் காவல் நின்றான். அவன் அரக்கனாக இருந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. தன் தாயாருக்கு வருஷத்தில் மூன்று மாதச் சம்பளத்தை எழுதிவைத்த நல்ல மகனாகவும், இறந்த தோழனுக்காக அழுதவனாகவும் இருந்திருக்கலாம். அன்றைய வேலை அதுவாக இருந்தது. அதை அவன் செய்தான். என்னை வருத்துவது இந்தச் சகஜபாவமே. போர்க்களத்தின் வெறியில் நடக்கும் கொடுமைக்கு ஓர் உக்கிரம் உண்டு; அது கண்ணுக்குத் தெரியும். காவல் முறையும் கணக்கும் கையெழுத்துமாக, மணி அடித்தபடி நடக்கும் கொடுமை, அதைச் செய்கிறவனுடைய கண்ணுக்கே தெரிவதில்லை. கெல்டிரியாவின் நாளை வர்ணிக்கும் எவரும் இந்தப் பகுதியைத் தனி அத்தியாயமாக ஒதுக்கிவைத்துவிடலாகாது. அது அந்த நாளின் நடுப்பகலில் இருக்கிறது.

கோட்டையின் முடிவை இரண்டு வரியில் சொல்லலாம். 1781இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள், திருப்பிக் கொடுத்தார்கள், 1795இல் மறுபடி பிடித்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதில்களைத் தகர்த்தார்கள். 1824ஆம் வருஷத்து உடன்படிக்கையின்படி 1825இல் ஊர் முற்றிலும் அவர்கள் வசமாயிற்று. எஞ்சியது குப்பம். கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் ஏரியில் வலை கட்டும் இடத்தையும் நாளையும் தலைக்கட்டுக்களுக்குள் சீட்டுப் போட்டு முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் 'பாடு' என்ற ஏற்பாடு வழிவழியாக இருந்துவருகிறது. இறால் எங்கே சேரும், எந்த நீரோட்டத்தில் சேரும் என்ற அறிவும், எல்லார் வீட்டு அடுப்பும் எரிய வேண்டும் என்ற நியாயமும் சேர்ந்து உண்டாக்கிய ஏற்பாடு அது. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

இப்போது ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒல்லாந்த ஆவணங்களில் அவள் பெயர் குரூட்டே கத்ரைன். 'பெரிய கத்ரைன்' என்று சொல்லலாம். பெயரோடு ஊரையும் சேர்த்துப் பழவேற்காட்டுக் கத்ரைன் என்றே எழுதியிருக்கிறார்கள். 1630ஐ ஒட்டி இங்கே பிறந்தவள். தாய் தந்தையர் வைத்த பெயர் என்னவென்று எந்த ஏட்டிலும் இல்லை. அடிமையாகப் பட்டேவியாவுக்குப் போய்ச் சேர்ந்தாள். அங்கே தன்னை அடித்துத் துன்புறுத்திய, தன்னைப் போன்றே அடிமையாக இருந்த துணைவனைத் திருப்பித் தாக்கியதில் அவன் இறந்துபோனான். 1656இல் அவளுக்கு மரண தண்டனை விதித்தார்கள். பிறகு அதை மாற்றி, ஆயுள் முழுவதும் நன்னம்பிக்கை முனைக்கு நாடு கடத்தினார்கள். 1657இல் அங்கே இறங்கினாள்.

கும்பெனி அந்த முனையில் தளம் அமைத்து அப்போது ஐந்து வருஷமே ஆகியிருந்தது. மண்ணால் கட்டிய கோட்டை. அதே மணி, அதே காவல், அதே ஜபம், அதே நாட்குறிப்பேடு. ஒல்லாந்து நாட்டுச் சிப்பாய்க்குப் பழவேற்காடு எத்தகைய அயல்நாட்டுத் தளமோ அத்தகைய அயல்நாட்டுத் தளம் பழவேற்காட்டுப் பெண்ணுக்கு அது. சம்பளமும் ஒப்பந்தமும் திரும்பும் தேதியும் அவளுக்கு இல்லை என்பதே பேதம். அவள் அந்தக் கோட்டையில் சலவைக்காரியாக இருந்தாள். தளபதியின் உடுப்புகளைத் துவைத்தாள். உப்பங்காற்று வீசும் ஏரிக்கரையில் பிறந்தவள், மேசை மலையிலிருந்து இறங்கும் குளிர்ந்த ஓடையில் நின்று துவைத்தாள். அங்கே காவல் நின்ற ஹான்ஸ் கிறிஸ்தோஃபல் ஸ்நைமன் என்ற சிப்பாய் அவள்மீது மனம் வைத்தான். காவல் முறையை விட்டுவிட்டு அவளிடம் சென்றதற்காக அவனை ரொபன் தீவுக்கு அனுப்பித் தண்டித்தார்கள். அவர்களுக்குப் பிறந்த மகனுக்கு 1669இல் கிறிஸ்தோஃபல் என்று ஞானஸ்நானம் செய்வித்தார்கள். கத்ரைனுக்கு மன்னிப்புக் கிடைத்தது. 1671இல், அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்ற வங்காளத்து மனிதர் ஒருவரை அவள் மணந்துகொண்டாள். அவர் வீட்டில் அந்தப் பையன் வளர்ந்தான்.

பையன் வளர்ந்து, பிரான்சிலிருந்து மதத் துன்புறுத்தலுக்குத் தப்பிவந்த ஹியூகனாட் குடும்பத்துப் பெண் ஒருத்தியை 1690இல் விவாகம் செய்துகொண்டு, பெரிய குடும்பத்துக்கு மூதாதையானான். இன்று தென்னாப்பிரிக்காவில் ஸ்நைமன் என்ற குடும்பப் பெயரோடு வாழும் திரளான வெள்ளையர்களுக்குப் பாட்டிக்குப் பாட்டியாக நிற்பவள் நம் பழவேற்காட்டுப் பெண். அவள் உடல் அங்கேதான் மண்ணாயிற்று. கல்வெட்டு எதுவும் அவளுக்காகச் செதுக்கப்படவில்லை. அவளைப் பற்றி இவ்வளவாவது நமக்குத் தெரிவதற்குக் காரணம், அவள் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டதும், அந்தக் கும்பெனியின் எழுத்தர்கள் எதையும் எழுதாமல் விடாததும்தான். அவளோடு கப்பல் ஏறி, யாரையும் கொல்லாமல், எவராலும் விசாரிக்கப்படாமல், பாண்டாத் தோட்டங்களில் மாண்டவர்களுக்குப் பெயரே இல்லை.

டச்சுக் கல்லறையைப் பார்க்க வரும் நண்பர்களை அழைத்துச் செல்லும் பொறுப்பு எனக்கு அவ்வப்போது நேர்கிறது. வாசலில் அந்த எலும்புக்கூட்டுச் சிற்பங்களைப் படம் பிடித்துக்கொள்ள அவர்கள் அவசரப்படுவார்கள். இப்போதெல்லாம் நான் அவர்களை முதலில் ஏரிக்கரைக்கு அழைத்துப் போய், படகுகள் நிற்கும் இடத்தில் கத்ரைனின் கதையை முழுவதும் சொல்லிவிட்டு, பிறகே கல்லறைக்கு அழைத்து வருகிறேன்.